ஐயாவுக்கு ஒரு பூப் போடுங்கோ

கை தட்டச் சொல்லுகிற மனிதர்களைக் கண்டால் எனக்கு இப்போது வயிற்றைப் புரட்டுகிறது. முன்பு அப்படி இல்லை. பாடசாலைக் கலைவிழா, பங்குத் திருவிழா நாடகம், ஓய்வு பெறுகிறவருக்குப் பிரியாவிடை என்று எத்தனையோ இடங்களில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டியிருக்கிறேன். போன தபசு காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாளில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு கைத்தொலைபேசிக்கு முன்னால் நடந்த கைதட்டலுக்குப் பிறகுதான் இந்த வியாதி வந்தது.

நான் முப்பத்து மூன்று வருடம் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். கணவர் கடற்றொழில் செய்தவர். எனக்கு அறுபத்தேழு வயது, அவருக்கு எழுபத்திரண்டு. மன்னார்த் தீவின் வடக்குக் கரையில், கடலில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. முழங்கால் போன பிறகு அவர் வள்ளத்தை விற்றுவிட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தோம். கனடாவில் இருக்கிற மகளுக்கு அது பொறுக்கவில்லை. "சும்மா இருந்தா மூளை துருப்பிடிச்சிடும் அம்மா" என்று சொல்லிச் சொல்லி, எங்களைக் கேட்காமலே எங்கள் இருவரையும் ஒரு வகுப்பில் பதிந்துவிட்டாள்.

அறுபது கடந்த தமிழர்களுக்கான இணையவழி வளமூட்டல் வகுப்பு. வெளிநாட்டில் இருக்கிற யாரோ நல்ல மனதுக்காரர்கள் சேர்ந்து நடத்துகிறார்களாம். வகுப்புக்கு ஒரு பூவின் பெயரும் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும், ஆகவே விடுகிறேன். மகள் அனுப்பிய விளம்பரத்தில் ஒரு தொலைநோக்கி, ஒரு வயலின், ஒரு உலக உருண்டை இருந்தன. அந்த உருண்டையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். எத்தனை வருடம் கடிதங்களைப் பிரித்து அடுக்கியிருப்பேன். பேர்கனில் இருந்து ஒரு தாய்க்கு, கிறேபெல்டில் இருந்து ஒரு மனைவிக்கு. அந்த ஊர்களெல்லாம் எங்கே இருக்கின்றன, அங்கே என்ன மரம் நிற்கும், எந்தக் கடல் கிட்ட என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. இனியாவது படிக்கலாம் என்று ஒரு கொப்பி வாங்கி, முதல் பக்கத்தில் திகதி எழுதி வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வகுப்பு. தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் கதிரையை நெருக்கிப் போட்டு இருந்தோம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் இருபது இருபத்தைந்து நரைத்த தலைகள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஜேர்மனி, ரொறொன்ரோ என்று பல இடம். சிலருடைய கட்டத்தில் நெற்றி மட்டும் தெரிந்தது, சிலருடையதில் மின்விசிறி மட்டும். நடுவில் ஒரு இளம் பெண். வகுப்பை நடத்துகிற வளவாளர் என்றார்கள்.

"ஹாய் ஹாய் என்ர பட்டுக்குஞ்சுகளே! எல்லாரும் ஹப்பியா இருக்கிறீங்களோ?" என்று கத்தினாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பத்து மூன்று வருடம் கவுண்டரில் நின்று எத்தனை வகை மனிதரைச் சமாளித்தவள் நான். தோளில் துவக்கோடு வந்தவனுக்கும் முத்திரை விற்றிருக்கிறேன். என்னை ஒருவரும் குஞ்சு என்று கூப்பிட்டதில்லை.

முதல் கிழமை சிரிப்புப் பயிற்சி. காரணம் இல்லாமல் ஐந்து நிமிடம் சிரிக்க வேண்டும். இருபத்தைந்து கிழடுகள் பல் செட்டைக் காட்டி ஹா ஹா என்று சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. இரண்டாம் கிழமை ஒரு கிளியின் படம் அனுப்பி நிறம் தீட்டச் சொன்னாள். எங்களிடம் வண்ணப் பென்சில் இல்லை. அவர் என் நீலப் பேனையை எடுத்துக் கிளியை ஒரு இடம் விடாமல் நீலமாக்கிக் காட்டினார், அதற்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. மூன்றாம் கிழமை உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்து, "நன்றி, ஆனா நீ எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்றார். அன்றைக்கு மட்டும் நான் உண்மையாகச் சிரித்தேன். என் கொப்பியில் திகதிக்குக் கீழே ஒரு சொல்லும் ஏறவில்லை.

விட்டுவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் விடவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். ஒரு கேள்வி கேட்டுவிட்டு இத்தனை பேர் அவர் பதிலுக்குக் காத்திருப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை மத்தியானமே சேட்டு மாற்றிக்கொண்டு கதிரையில் வந்து இருந்துவிடுவார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. முதல் நாள் எல்லோரும் தங்களைப் பற்றி இரண்டு வசனம் சொன்னோம். ஒரு கட்டத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மெலிந்த பெண் இருந்தாள். அறுபது, அறுபத்திரண்டு இருக்கும். அவளுக்குப் பின்னால் ஒரு கோழி குறுக்கும் நெடுக்கும் போய்வந்தது. "நாங்கள் இந்தியாவில முகாமில இருபத்தொரு வருசம் இருந்தனாங்கள். இப்ப திரும்பி வந்து நறுவிலிக்குளத்தில இருக்கிறம். வயல் இருக்கு, கொஞ்சம் மிளகாயும் போட்டிருக்கிறம்" என்றாள். சரிந்து இருந்த என் கணவர் நிமிர்ந்து இருந்தார். முழங்கால் வலி என்று நினைத்து நான் தலையணை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நாலாம் கிழமைக்கு ஒரு வீட்டுவேலை தரப்பட்டது. "என் வாழ்வில் மறக்க முடியாத ஒரு பொழுது." ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். "உள்ளத்தைத் திறந்து, ஒண்டையும் மறைக்காமல், உண்மையைச் சொல்லுங்கோ செல்லங்களே" என்றாள் வளவாளர். எங்கேயோ படித்ததை ஒப்புவித்திருக்கிறாள், பாவம். ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் அந்த வார்த்தைகளை ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருக்கிறோம். பாவங்களை ஒப்புக்கொள்ளக் கோவிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்து, ஒன்றையும் மறையாமல் சொல்ல வேண்டும் என்று ஏழு வயதில் இருந்து மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதோடு அது தபசு காலம். அவர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வேறு எந்த ஊர்க்காரனும் ஒரு வளமூட்டல் வகுப்பை இப்படி விளங்கிக்கொண்டிருக்க மாட்டான்.

அந்தக் கிழமை முழுக்க அவர் சுருட்டைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போய், அந்த முழங்காலோடு பதினான்கு இடத்திலும் முழந்தாளிட்டார். சனிக்கிழமை குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கலியாண வீட்டுக்கோ வெளிக்கிட்டீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் தொலைபேசியை எடுத்துச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தார்.

மற்றவர்கள் முதலில் பேசினார்கள். ஜேர்மனியில் இருக்கிற ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் தனக்குக் கிடைத்த பொன்னாடையைப் பற்றிச் சொன்னார். ஒரு அம்மா முதன்முதலாகக் கேக் அடித்த கதையைச் சொன்னார். ஒருவர் நயாகராவைப் பார்த்தாராம். ஒவ்வொரு கதை முடியவும் வளவாளர் "ஒரு பூப் போடுங்கோ" என்பாள், திரையில் ரோசாப் பூக்கள் மிதக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். சத்தம் அடைத்திருந்ததால் கைகள் மட்டும் ஆடின.

அவருடைய முறை வந்தது. அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"நான் கடற்றொழில் செய்தவன். சண்டைக் காலத்தில சனத்தை இந்தியாவுக்கு ஏத்திக்கொண்டு போனனான். கனபேர் செய்தவை, நானும் செய்தனான். ஒருக்கா அஞ்சு பேர். புருசன், பெண்சாதி, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், ஒரு வயது போன ஆள். அந்தாள் சப்பாத்துப் போட்டிருந்தவர். பெண்சாதி தையல் மெசின்ர தலையைச் சேலையில சுத்தி மடியில வைச்சிருந்தவ. கடல் அண்டைக்குக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. விடியப்புறம் தீடைக்கு வந்திட்டம்."

தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் கடலின் நடுவே எழும்பி நிற்கிற மணல் மேடுகளைத்தான் தீடை என்போம். அங்கே மரம் இல்லை, கிணறு இல்லை, நிழல் இல்லை.

"அங்கால கரைக்குப் போனா நேவி பிடிக்கும். எனக்குப் பயம். தீடையில வள்ளத்தை விட்டு, இறங்குங்கோ எண்டன். அந்த வயது போன ஆள் சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு, 'தம்பி, இதுதானோ இந்தியா?' எண்டு கேட்டவர். நான் 'ஓம்' எண்டன். 'நேர நடந்தா றோட்டு வரும்' எண்டும் சொன்னன். அவை நம்பி நடக்க வெளிக்கிட்டினம். நான் திரும்பி வந்திட்டன். அவைக்கு என்ன நடந்ததெண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது. இவ்வளவுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சுவாமியின் வார்த்தைக்குக் காத்திருக்கிறவர் குனிந்திருப்பது போலத்தான் குனிந்திருந்தார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. திட்டியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்.

"வாவ்! வாவ்! ஐயா, எவ்வளவு அழகாக் கதை சொல்லுறீங்கள்! கடல், விடியற்காலை, போட் பயணம்... எனக்கு அப்பிடியே படம் மாதிரி ஓடிச்சுது! எல்லாரும் ஐயாவுக்கு ஒரு பூப் போடுங்கோ!"

பூக்கள் மிதந்தன. கட்டத்துக்குக் கட்டம் கைகள் ஆடின. பொன்னாடை ஆசிரியர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நயாகராக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினார். அவர்கள் கேட்கவில்லையா, கேட்டும் விளங்கவில்லையா, விளங்கியும் தட்டினார்களா? எதுவாக இருந்தாலும் சீ என்றுதான் எனக்கு வந்தது. தொலைபேசியைத் தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்துவிட வேண்டும் போல இருந்தது. அவர் தலை நிமிர்ந்து, திரையில் விழுகிற பூக்களை என்னவென்று தெரியாதவர் போலப் பார்த்தார்.

ஒரு கட்டத்தில் மட்டும் கை ஆடவில்லை. தகரக் கூரைக்குக் கீழே இருந்த நறுவிலிக்குளத்துப் பெண் கிட்ட வந்தாள். அவளுடைய சத்தம் திறந்தது. முதலில் கோழி கத்தியது, பிறகு அவள் குரல் வந்தது.

"அண்ணை, அவைக்குத் தண்ணி குடுத்தனீங்களோ?"

என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்தார்.

"அம்மா, அம்மா!" என்று வளவாளர் குறுக்கிட்டாள். "நாங்கள் இஞ்ச பொசிட்டிவ்வா மட்டும்தான் கதைப்பம், என்ன? நெகட்டிவ் எனர்ஜி எங்களுக்கு வேண்டாம். அடுத்த செல்லம் ஆர்?"

அந்தப் பெண்ணின் கட்டத்தில் ஒலிவாங்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. "பிள்ளை, நான் ஒண்டு சொல்ல வேணும்" என்றார் என் கணவர். எங்கள் சத்தத்தையும் வளவாளர் அடைத்துவிட்டாள். அடுத்தவர் தன் நாய்க்குட்டியைப் பற்றி ஆரம்பித்தார்.

வகுப்பு முடிந்து திரை கறுத்த பிறகும் அவர் பெருவிரலால் அந்தக் கண்ணாடியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேணும்" என்றார்.

"இதையெல்லாம் ஏன் இவங்களிட்டப் போய்ச் சொன்னீங்கள்? சுவாமியிட்டச் சொல்லேல்லையோ?"

"சுவாமியிட்ட எப்பவோ சொன்னனான். மன்னிப்பும் தந்தவர். அது கடவுளின்ர கணக்கு. அங்க இறக்கிவிட்ட சனம் ஒருத்தரும் நான் சொன்னதைக் கேக்கேல்லையே. அந்தப் பிள்ளை முகாமில இருந்து வந்தது எண்டு சொன்னதெல்லோ. அது கேக்கட்டும் எண்டுதான் சொன்னனான்."

அவருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பின் வட்சப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தலைப்பு: இனிய கடல் நினைவுகள். புல்லாங்குழல் இசை. என் கணவருடைய முகம், வெள்ளைச் சேட்டு. "கடல் அண்டைக்குக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. விடியப்புறம்..." அதோடு வெட்டி, ஒரு சூரிய உதயத்தை ஒட்டியிருந்தார்கள். சப்பாத்து இல்லை, தீடை இல்லை, ஓம் என்று சொன்னது இல்லை. அதன் கீழே இருபது முப்பது இதயங்கள். மகள் அதைப் பார்த்துவிட்டுக் கனடாவில் இருந்து அழைப்பு எடுத்து, "அப்பா என்ன வடிவாக் கதைச்சிருக்கிறார்!" என்று சந்தோசப்பட்டாள். நான் முழுக்கதையையும் சொன்னேன். "அவை நல்ல நோக்கத்தோடதான் செய்யினம் அம்மா" என்றாள். நல்ல நோக்கம் என்ற சொல்லைக் கேட்டாலும் எனக்கு இப்போது ஓங்காளம் வருகிறது.

வளவாளருக்கு நானே அழைப்பு எடுத்தேன்.

"ஆன்ட்டி! வீடியோ பார்த்தீங்களோ? எல்லாருக்கும் அதுதான் ஃபேவரிட்!"

"பிள்ளை, அவர் சொன்னதை நீர் கேட்டனீரோ?"

"ஓம் ஆன்ட்டி, இந்தியாவுக்குப் போட்டில போனது தானே? கொஞ்சம் சோகமான இடங்களை எடிட் பண்ணிட்டம். சீனியர்ஸின்ர மனநலத்துக்கு அது கூடாது."

"கேள்வி கேட்ட அம்மா எங்கே?"

"அவவைக் குழுவில இருந்து எடுத்திட்டம் ஆன்ட்டி. மற்றவைக்கு மூட் அவுட் ஆகும். ஐயாவைக் கவலைப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கடைசியில சேட்டிபிக்கேற் வரும்."

கவுண்டரில் யாரிடமும் சொல்லாத சில வார்த்தைகளை அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பேச்சுக்கு நடுவில் அழுதாள் என்று நினைக்கிறேன். இரக்கப்பட்டிருக்கலாம். எனக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அவர் கதிரையில் போய் இருந்தார். அந்தப் பெண் வருவாளா என்று ஒவ்வொரு கட்டமாகத் தேடினார். அவள் வரவில்லை. அன்றைக்கு நுரையீரலுக்காகப் பலூன் ஊத வேண்டும். எல்லோரும் கன்னம் உப்பி ஊதினார்கள். அவர் ஊதாத பலூனைக் கையில் வைத்துக்கொண்டு பாதி வகுப்பு வரைக்கும் இருந்துவிட்டு, "போதும், நிப்பாட்டும்" என்றார். நான் நிற்பாட்டினேன்.

தபால் கந்தோரில் இருந்தவளுக்கு ஒரு ஊரில் ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அந்தப் பக்கம் கடிதம் கொண்டுபோகிறவரை எனக்குத் தெரியும். முகாமில் இருந்து திரும்பியவர்கள், தகரக் கூரை, மிளகாய் என்று சொன்னதும் இரண்டாம் நாளே வீட்டைச் சொல்லிவிட்டார். காலை பஸ் எடுத்து மன்னார் பட்டினத்துக்குப் போய், அங்கே சிலாவத்துறைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். வங்காலையில் அரைவாசிப் பேர் இறங்கினார்கள். நறுவிலிக்குளத்துச் சந்தியில் இறங்கி அரை மைல் நடக்க அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. முச்சக்கரவண்டி பிடிப்போம் என்றேன், கேட்கவில்லை.

அவள் முற்றத்தில் சாக்கு விரித்துச் செத்தல் மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு எழும்பினாள். உடனே அடையாளம் கண்டுவிட்டாள். இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள், பனங்கட்டித் துண்டும் வைத்திருந்தாள். பிறகு சாக்கிலேயே இருந்துகொண்டாள்.

"நீங்கள் கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தனான்" என்றார் அவர்.

"எங்களைத் தீடையில இறக்கினது நீங்கள் இல்லை அண்ணை" என்றாள் அவள். "நீங்கள் அண்டைக்குக் கதைக்கத் தொடங்கேக்க உற்றுப் பாத்தனான். எங்களை ஏத்தினவர் கட்டையான ஆள், கொன்னிக் கொன்னிக் கதைச்சவர். அவரும் இதுதான் இந்தியா எண்டுதான் சொன்னவர். பொய்தான். ஆனா போகேக்க வள்ளத்தில இருந்த தண்ணிக் கலனைத் தூக்கி மணலில வைச்சிட்டுப் போனவர். ரெண்டு பகல் அதில கிடந்தனாங்கள். என்ர மூத்தவளுக்கு அப்ப ஒண்டரை வயது. கலனின்ர மூடியால அளந்து அளந்து பருக்கினனான். இந்தியாக்காரர் வந்து ஏத்தும் மட்டும் அந்தத் தண்ணிதான். அதாலதான் கேட்டனான்."

அவள் கை மிளகாயில் இருந்தது, கண் அவர் முகத்தில் இருந்தது.

"குடுத்தனீங்களோ?"

"இல்லை" என்றார் அவர். "வள்ளத்தில ஒரு கலன் இருந்தது. முக்கால்வாசி இருந்தது. நான் குடுக்கேல்லை."

"ஏன் அண்ணை?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த முற்றத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அந்தப் பயணத்துக்கு முந்திய இரண்டு பயணத்திலும் அவர் கலனைத் தீடையில் சனத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அந்தக் காலத்தில் ஒரு பிளாஸ்ரிக் கலன் எங்கேயும் வாங்கக் கிடைக்காது. நல்ல தண்ணீர் எடுக்க அரை மைல் போக வேண்டும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். நான் மூன்று நாள் சண்டை பிடித்தேன். மூன்றாம் முறை வெளிக்கிடும்போது, இருந்த கடைசிக் கலனை நிரப்பி அவர் கையில் கொடுத்து, "இதைத் திருப்பிக் கொண்டுவராட்டி இந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. ஆரோ ஊர் பேர் தெரியாத சனத்துக்கு எங்கட பிள்ளையளின்ர தண்ணியைத் தூக்கிக் குடுக்கிறியளோ?" என்றேன். அவர் கொண்டுவந்தார். முக்கால்வாசித் தண்ணீரோடு கொண்டுவந்தார். அதை நான் குடத்தில் ஊற்றி வைத்தேன், நாங்கள் குடித்தோம். அடுத்த நாள் அவர் ஏன் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்றுகூட நான் கேட்கவில்லை.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மிளகாய்ச் சாக்கைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தோணேல்லை பிள்ளை" என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல இவ்வளவு தூரம் நடந்து வந்த மனிதர், என்னை மறைப்பதற்காக அந்த ஒரு பொய்யைச் சொன்னார்.

"தண்ணி குடுக்கத் தோணாமல் இருக்குமோ அண்ணை?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. நம்ப முடியாமல்தான் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திரும்பவும் காம்பு கிள்ளத் தொடங்கினாள்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான்தான் தங்கச்சி, கலனைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது நான்தான் என்று ஒரு வசனம் போதும். வளவாளரிடம் வாய் கிழியப் பேசியவளுக்கு அது ஒரு வேலையா? அந்த வளவாளர்ப் பிள்ளைக்காவது அவர் சொன்னது விளங்கவில்லை. எனக்கு எல்லாம் விளங்கியது. கைதட்டியவர்களைப் பார்த்து வந்த அருவருப்பெல்லாம் என் பக்கம் திரும்பி, தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அப்போதும் நான் பேசவில்லை.

"அக்கா, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள் அவள்.

நான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, அடி மண்டி தெரியும் வரைக்கும் குடித்தேன்.